டப்பாவுக்குள் யார்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 26, இன்னும் கல்யாணம் ஆகவில்லை (இந்த விவரம் எதற்கு என்று தெரியவில்லை). மானேஜர் கூப்பிட்டு, 'நம்ம ஆபீஸ் ப்ராசஸ் பூராவும் படமா போட்டுக் குடுப்பா, வெள்ளிக்கிழமைக்குள்ள' என்று சொல்லிவிட்டாராம். இவர் நெட்டில் தேடியதில் நாற்பது சாஃப்ட்வேர் வரிசையில் வந்து நிற்கிறது. ஒவ்வொன்றும் 'உலகத்திலேயே நான்தான் முதல்' என்கிறது. 'எதை எடுத்தால் வேலை முடியும்? காசு கொடுக்கணுமா? ஒரே வரியில் பதில் சொல்லவும்' என்கிறார்.

ஒரே வரியில் என்றால்: அந்தப் படத்தைப் படிக்கப்போவது மனுஷனா, கம்ப்யூட்டரா என்று முதலில் மானேஜரைக் கேளுங்கள்.

எனக்கு ஒதுக்கிய பக்கத்தை ஒரு வரியில் முடித்தால் ஆசிரியர் சும்மா விடமாட்டார் என்பதால், கொஞ்சம் விவரமாக.

* * *

வேலையைப் படம் போட்டுப் பார்க்கிற பழக்கத்தைக் கொண்டுவந்தது கம்ப்யூட்டர்காரர்கள் இல்லை. ஒரு கொத்தனார். அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத் என்பவர் 1885இல், 17 வயதில், செங்கல் அடுக்கப் பழகப் போனார். ஆளுக்கு ஆள் ஒருவிதமாக அடுக்குகிறார்கள். அவசரமாகச் செய்யும்போது ஒருவிதம், மெதுவாகச் செய்யும்போது இன்னொரு விதம். எண்ணிப் பார்த்தார். ஒரு செங்கல்லுக்கு 18 அசைவுகள். குனிந்து குனிந்து எடுக்காமல் இருக்க சாரத்தின் உயரத்தை மாற்றி, கல்லைச் சித்தாளே நல்ல பக்கம் பார்த்து அடுக்கித் தரும்படி செய்து, ஏறக்குறைய ஐந்து அசைவுகளாகக் குறைத்தார். 1921இல் மனைவி லில்லியனோடு சேர்ந்து அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினீயர்கள் சங்கத்தில் 'ப்ராசஸ் சார்ட்' என்று ஒரு கட்டுரை வாசித்தார். இன்று நீங்கள் போடும் அத்தனை டப்பாக்களுக்கும் அம்புகளுக்கும் அதுதான் பாட்டன்.

வேலையின் அடிப்படை அசைவுகளுக்குத் தன் பெயரையே (கிட்டத்தட்ட) திருப்பிப் போட்டு 'தெர்ப்ளிக்' என்று பேர் வைத்த ஆசாமி. வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. இரண்டு கையிலும் இரண்டு ரேஸர் வைத்துக்கொண்டு ஷேவ் செய்து பார்த்து 44 செகண்டு மிச்சம் பிடித்தாராம். கழுத்தில் கட்டுப்போட 2 நிமிஷம் ஆயிற்று. அதோடு விட்டுவிட்டார். வெட்டுக்காயத்துக்காக இல்லை, அந்த 2 நிமிஷத்துக்காக. இதைப் புத்தகத்தில் எழுதியவர்கள் அவருடைய சொந்தப் பிள்ளைகள். பன்னிரண்டு பேர் பிறந்த வீட்டில் ரகசியம் ஏது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கோல்ட்ஸ்டைனும் ஃபான் நாய்மனும் இதே டப்பா-அம்பைக் கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்களுக்குக் கொண்டுபோனார்கள். ஐ.பி.எம்.மின் பிளாஸ்டிக் அச்சுத் தகட்டை வைத்து சாய்சதுரம் வரைந்த பெரியவர்கள் இன்னும் நம் நடுவில் இருக்கிறார்கள். கேட்டால் பழைய டிராயரிலிருந்து எடுத்துக் காட்டுவார்கள்.

* * *

இப்போது இந்தப் படங்களுக்கு உலகம் ஒப்புக்கொண்ட ஒரு பாஷை இருக்கிறது. பி.பி.எம்.என்., அதாவது பிசினஸ் ப்ராசஸ் மாடல் அண்ட் நொட்டேஷன். 2004இல் முதல் பதிப்பு, 2011இல் இரண்டாவது, 2013இல் ஐ.எஸ்.ஓ. முத்திரை. பேரைக் கேட்டு மிரள வேண்டாம். நீங்கள் பாஸ்போர்ட் எடுத்தவராக இருந்தால் இதற்குள்ளே நடந்து போய்விட்டு வந்தவர்தான்.

சாலிகிராமம் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கன் வாங்கும் இடத்தில் மெல்லிய கோட்டில் ஒரு வட்டம்: ஆரம்பம். ஏ கவுன்டரில் டி.சி.எஸ். ஊழியர் போட்டோ எடுத்து, கைரேகை வாங்கி, பேப்பர்களை ஸ்கேன் செய்கிறார். இது ஒரு டப்பா. முனை மழுங்கிய செவ்வகம். பி கவுன்டரில் சர்க்கார் அதிகாரி பேப்பர்களைச் சரிபார்க்கிறார். இன்னொரு டப்பா. 'எல்லாம் சரியா?' என்பது சாய்சதுரம், உள்ளே ஒரு பெருக்கல் குறி. சரி என்றால் சி கவுன்டர். இல்லை என்றால் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு விட்டுப்போன பேப்பரோடு வர வேண்டியது. சி கவுன்டரில் கடைசித் தீர்மானம். ஏ, பி, சி மூன்றும் மூன்று 'லேன்'. நீச்சல் குளத்தில் கயிறு கட்டிப் பிரிப்பார்களே, அந்த மாதிரி. மொத்தத்துக்கும் 'பூல்' என்றே பெயர். நான் தமாஷ் பண்ணவில்லை, ஸ்டாண்டர்டில் அப்படித்தான் இருக்கிறது.

அடுத்தது போலீஸ் விசாரணை. எனக்குப் பிடித்த இடம் இதுதான். பாஸ்போர்ட் ஆபீஸ் மத்திய சர்க்கார், போலீஸ் மாநில சர்க்கார். ஒருவர் அம்பு இன்னொருவர் வீட்டுக்குள் நேராக நுழைய முடியாது. ஆகவே போலீஸுக்குத் தனிக் குளம். இரண்டுக்கும் நடுவே விட்டுவிட்டுப் போட்ட கோடு. முழுக்கோடு என்றால் 'இது முடிந்ததும் அது'. விட்டுவிட்டுப் போட்ட கோடு என்றால் 'சொல்லி அனுப்பியிருக்கோம், பாக்கலாம்'. பதிலுக்காகக் காத்திருப்பதற்கு இரட்டைக்கோட்டு வட்டம், அதற்குள் ஒரு தபால் உறை. ஸ்பீடு போஸ்ட்காரர் மணியடித்துக் கையெழுத்து வாங்கியதும் தடித்த கோட்டில் வட்டம்: முடிவு. ஒரு நாட்டின் அரசியல் சட்டத்தையே இரண்டு வகைக் கோட்டில் காட்டிவிடுகிறது பாருங்கள்.

(இந்த ஏ-பி-சி வரிசையே இப்படி உட்கார்ந்து யோசித்து வந்ததுதான். 2010இல் பெங்களூரிலும் சண்டிகரிலும் வெள்ளோட்டம் விட்டு, பிறகு நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பு சாஸ்திரி பவன் வாசலில் விடியற்காலை க்யூவில் நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள்.)

பி.பி.எம்.என்.னில் இன்னும் ஏகப்பட்ட குறிகள் உண்டு. தேவையில்லை. 2008இல் மைக்கேல் சுர் முயூலன், யான் ரெக்கர் என்ற இருவர், ஜனங்கள் நிஜமாகவே போட்ட படங்களை நூறுக்கு மேல் வாங்கி எண்ணிப் பார்த்தார்கள். சராசரியாக ஒரு படத்தில் 9 வகைக் குறிகள்தான். மேலே பாஸ்போர்ட்டுக்கு நாம் போட்டது கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

* * *

சரி, சாஃப்ட்வேர்.

நம் ஆபீஸ்களில் ப்ராசஸ் படம் அதிகமாகப் போடப்படுவது எக்ஸெலில் என்பது என் சந்தேகம். கட்டத்துக்குக் கலர் அடித்து, நடுவில் கையால் ஓர் அம்பு. ஒரு வரி நுழைத்தால் எல்லா அம்பும் பக்கத்து வீட்டைக் காட்டும். பவர்பாயின்ட் கொஞ்சம் தேவலை. ஆனால் பத்து டப்பாவுக்கு மேல் போனால் எழுத்து எறும்பாகி, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார்.

இந்தத் தொல்லையைத் தீர்க்க வந்ததுதான் விசியோ. நம் டி.டி.பி. கடைகளுக்குச் சோறு போட்ட பேஜ்மேக்கரைச் செய்த ஆல்டஸ் கம்பெனியிலிருந்து வெளியே வந்தவர்கள் ஆரம்பித்தது. 1992இல் வெளிவந்தது. டப்பாவை நகர்த்தினால் ஒட்டியிருக்கும் அம்பும் கூடவே நகரும். இதென்ன பிரமாதம் என்பீர்கள். இந்தப் 'பிரமாதத்தை' மைக்ரோசாஃப்ட் 2000இல் நூறு கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2021 முதல் ஆபீஸுக்கான மைக்ரோசாஃப்ட் 365 சந்தாக்களில் ஒரு எளிய விசியோ பிரவுசரிலேயே வருகிறது. உங்கள் கம்பெனியில் ஏற்கெனவே இருக்கக்கூடும், ஐ.டி. பையனைக் கேளுங்கள். பி.பி.எம்.என். குறிகளும், போட்டது சரியா என்று பரிசோதிக்கும் வசதியும் வேண்டுமென்றால் மேல் சந்தா.

காசே வேண்டாம் என்றால் டிரா.ஐ.ஓ. இங்கிலாந்துக் கம்பெனி. கணக்குத் திறக்க வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். படம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். நெட் இல்லாமல் ஓடும் பதிப்பும் உண்டு. நான் வைத்திருப்பது இதைத்தான். ஒரே குறை, இது சாதுவான ஓவியர். முடிவு வட்டத்திலிருந்து ஆரம்ப வட்டத்துக்கு அம்பு இழுத்தாலும் 'சரிங்க' என்று போட்டுக் கொடுத்துவிடும். லூசிட்சார்ட் இதைவிடப் பார்க்க அழகு. நாலு பேர் நாலு ஊரிலிருந்து ஒரே படத்தில் ஒரே நேரத்தில் கைவைக்கலாம். இது வசதியா தலைவேதனையா என்பது அந்த நாலு பேரைப் பொறுத்தது. இலவசக் கணக்கில் சில படங்களோடு கையை விரித்துவிடும்.

எண்பது டப்பா குறுக்கும் நெடுக்குமாக இடியாப்பம் ஆகிவிட்டதா? ஒய்-எட் என்று ஒரு ஜெர்மன் சரக்கு, இலவசம். ஒரு பட்டனைத் தட்டினால் எல்லாவற்றையும் தானே ஒழுங்காக வரிசைப்படுத்தித் தரும். ப்ரோக்ராமர்களுக்கு மெர்மெய்டு. வரையவே வேண்டாம், 'ஏ போய் பி' என்று டைப் அடித்தால் படமாகிவிடும்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை மனுஷன் பார்ப்பதற்கான படங்கள். இனிமேல் வருவது வேறு ஜாதி.

பிசாகி மாடலர், கொலம்பியாவில் பிறந்த கம்பெனியுடையது. இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இதற்கு பி.பி.எம்.என். இலக்கணம் தெரியும். போகுமிடம் இல்லாத டப்பாவைக் கண்டால் கேள்வி கேட்கும். அதைவிட முக்கியம், ஒத்திகை பார்க்கலாம். பி கவுன்டரில் ஒரு ஆளுக்கு 6 நிமிஷம், 8 அதிகாரிகள், 400 பேர் வருகிறார்கள் என்று எண்களைக் கொடுத்தால் க்யூ எங்கே கட்டும் என்று காட்டும். (எண்கள் சும்மா உதாரணத்துக்கு. உங்களுடையதை நீங்கள்தான் கடிகாரம் வைத்துப் பார்க்க வேண்டும், கில்பிரெத் மாதிரி. ரேஸர் வேண்டாம்.)

கமுண்டா பெர்லின் கம்பெனி. அதன் மாடலரும் இலவசம். இங்கே படம் வெறும் படமில்லை, ஓடும். நீங்கள் போட்ட கோப்பை ஓர் இயந்திரம் படித்து, பி அதிகாரியின் திரையில் விண்ணப்பத்தைக் கொண்டுபோய் வைக்கும், அவர் முடித்ததும் சி-க்கு அனுப்பும். அதனால் சாய்சதுரத்தில் 'எல்லாம் சரியா?' என்று பொதுவாக எழுதிவிட்டுப் போக முடியாது. எது சரி, யார் சொன்னால் சரி, பதிலே வராவிட்டால் எத்தனை நாள் என்று நிபந்தனையாக எழுதவேண்டும். மனுஷன் படத்தில் ஓட்டை இருந்தால் 'புரியுது, விடுங்க' என்பான். இயந்திரம் அங்கேயே நிற்கும்.

கடைசியாகப் பெரிய வீட்டுப் பிள்ளை, ஆரிஸ். ஜெர்மனியில் சார்ப்ரூக்கன் பேராசிரியர் அவுகுஸ்ட்-வில்ஹெல்ம் ஷேர் உருவாக்கியது. (மனிதர் நன்றாக ஸாக்ஸபோன் வேறு வாசிப்பார்.) அவருடைய கம்பெனியை 2009இல் சாஃப்ட்வேர் ஏ.ஜி. வாங்கிக்கொண்டது. இதில் படத்துக்குப் பின்னால் ஒரு களஞ்சியம் இருக்கிறது. 'ஸ்டோர்ஸ் கிளார்க்' என்பவர் முன்னூறு படங்களில் வந்தாலும் உள்ளே ஒரே ஆள்தான். பதவியின் பேர் மாறினால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். வங்கி, விமானக் கம்பெனி அளவுக்கு இது தேவை. அம்பத்தூரில் 60 பேர் வேலை செய்யும் இடத்துக்கு, கொசு அடிக்கப் பீரங்கி.

எதை எடுத்தாலும் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பி.பி.எம்.என். 2.0 கோப்பாகச் சேமிக்க முடிகிறதா? முடிந்தால் பிசாகியில் போட்டதைக் கமுண்டாவில் திறக்கலாம். இல்லாவிட்டால் நாளைக்குச் சந்தா ஏறும்போது உங்கள் படங்கள் பணயக் கைதிகள்.

* * *

இப்போது நான் சொல்லவந்த விஷயம்.

எனக்குத் தெரிந்த ஒரு தொழிற்சாலை. பேர் வேண்டாம். பில் பாஸ் ஆக ரொம்ப நாள் ஆகிறது என்று சீர்திருத்தம் செய்யக் கிளம்பினார்கள். டை கட்டிய இருவர் வந்து மூன்று வாரம் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து நல்ல விலையுள்ள சாஃப்ட்வேரில் படம் போட்டார்கள். பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், அக்கவுன்ட்ஸ், மானேஜர் என்று நாலு லேன். இலக்கணப் பிழை ஒன்றுகூடக் கிடையாது. ஃப்ரேம் போட்டு மாட்டலாம் போலிருந்தது. 'ஆர்டர் அளவும் வந்த அளவும் சரியா?' என்று ஒரு சாய்சதுரம். சரி என்றால் பணம். இல்லை என்றால் 'சரக்கைத் திருப்பு'. அந்த இடத்தில் இத்தனை நாள் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவின் வேலை கம்ப்யூட்டருக்குப் போயிற்று. அவரை கேன்டீன் டோக்கன் கொடுக்க மாற்றினார்கள்.

இரண்டாவது மாதம் லேத் பட்டறைக்காரர்கள் கேட்டில் வந்து நின்றார்கள். யாருக்கும் பணம் வரவில்லை. பட்டறை என்றால் மூன்று மெஷின், ஐந்து பையன்கள். சனிக்கிழமை சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும். கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை பையன் பக்கத்துப் பட்டறையில் இருப்பான். ஒருவர் வீட்டு நகையை வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

நடந்தது இதுதான். 500 போல்ட் ஆர்டர் போட்டால் 480 வரும். எப்போதுமே அப்படித்தான். நாலு கழிவு, கொஞ்சம் அடுத்த வண்டியில். அந்த அம்மா 480ஐ எடுத்துக்கொண்டு, போனில் 'தம்பி, இருபது பாக்கி' என்று சொல்லி, ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதிவைத்து, 480க்கு பில்லைப் பாஸ் பண்ண அனுப்பிவிடுவார். பாக்கி வந்ததும் நோட்டில் அடிப்பார். பதினாலு வருஷமாக அந்தக் கம்பெனியின் ப்ராசஸ் என்பது அந்த நோட்டுதான். ரூல் புத்தகத்தில் அது இல்லை. ஆகவே படத்தில் இல்லை. கம்ப்யூட்டர் 480ஐயும் 500ஐயும் பார்த்து 'இல்லை' பக்கம் தள்ளியது. திருப்பி அனுப்ப வேண்டிய சரக்கோ ஏற்கெனவே மெஷினுக்குள் போய்விட்டது. பில் நடுவழியில் நின்றது.

யாராவது அவரைக் கேட்டார்களா என்றால், இல்லை. சம்பளப் பட்டியலில் அவருடைய பதவி 'ஹெல்ப்பர்'. படம் போட வந்தவர்கள் அதிகாரிகளை மட்டும் பேட்டி கண்டார்கள்.

பிறகு கேன்டீனிலிருந்து கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள். பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார். 'ஏம்மா இத முன்னாடியே சொல்லல?' என்று மானேஜர் கேட்டதற்கு, 'யாரும் கேக்கலீங்களே சார்' என்றாராம். படத்தில் சேர்ந்தது ஒரே ஒரு டப்பா, இரண்டு அம்பு. 'வந்தவரைக்கும் பணம், மீதி பாக்கியில்.' அந்தப் பாக்கியைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவரே திரும்ப ஸ்டோர்ஸுக்கு வந்தார். பதவி இன்னும் ஹெல்ப்பர்தான் என்று கேள்வி.

அந்த விலையுயர்ந்த சாஃப்ட்வேர்மேல் பழி போட முடியாது. டிரா.ஐ.ஓ.வில் போட்டிருந்தாலும் அதே படம்தான் வந்திருக்கும், செலவு மிச்சம், அவ்வளவுதான். அம்பத்தூர் நண்பரே, நீங்கள் போடப்போகும் படத்தில் ஒரு டப்பாவை அழிக்க டெலீட் கீயை ஒரு தரம் தட்டினால் போதும். அதற்குள் உட்கார்ந்திருப்பவரை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுத் தட்டுங்கள்.

* * *

இதற்கும் சாஃப்ட்வேர் இல்லாமலா? இருக்கிறது. 'ப்ராசஸ் மைனிங்' என்கிறார்கள். நெதர்லாந்தில் வில் ஃபான் டெர் ஆல்ஸ்ட் என்ற பேராசிரியர் வளர்த்த துறை. மியூனிக்கில் 2011இல் தொடங்கிய செலோனிஸ் இதைப் பெரிய வியாபாரமாக்கியது. யாரையும் கேட்காமல், கம்ப்யூட்டரில் பதிவான நேரங்களை வைத்தே வேலை எந்த வழியாகப் போயிற்று என்று படம் போட்டுவிடும். முதல்முறை பார்க்கிற மானேஜருக்கு மாரடைப்பு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து டப்பா என்று நினைத்திருந்த இடத்தில் சிலந்தி வலை தெரியும். ஆனால் லாங் சைஸ் நோட்டில் எழுதியது இதற்குத் தெரியாது. இப்போது ஏ.ஐ.யிடம் 'பில் பாஸ் செய்யும் ப்ராசஸ் வரை' என்றால் நொடியில் படம் வருகிறது. நன்றாகவும் இருக்கிறது. பாடப்புத்தகத்துக் கம்பெனியின் படம். உங்கள் கம்பெனியைப் பற்றி அதற்கு யார் சொன்னார்கள்?

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தால் ஒரு வழி சொல்கிறேன். டிரா.ஐ.ஓ.வில் சுமாராக ஒரு படம் போடுங்கள். ஏ3 தாளில் பிரின்ட் எடுத்து டீ மெஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்தில் ஒரு சிவப்பு பால்பாயின்ட் பேனா. மூன்றாம் நாள் பார்த்தால் 'இப்படி இல்ல சார்', 'இது நான் பண்றதில்ல, குமாஸ்தா பண்றார்', 'இந்தக் கையெழுத்து 2 வருஷமா யாரும் போடல' என்று படம் முழுக்கச் சிவப்பாக இருக்கும். அதை விசியோவிலோ பிசாகியிலோ ஏற்றிக்கொள்ளுங்கள்.

பேனாவை மட்டும் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் நாளே போய்விடும்.